ஆண்கள் இல்லாத வீட்டுக்கு மட்டும்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். கையெழுத்தை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்து பேனாவைப் பிடித்தால் விரல் சொன்ன பேச்சு கேட்பதில்லை.

வீடு மாறிவிட்டதைப் போன கடிதத்திலேயே சொன்னேன். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, தரைமட்டம், ஒரே ஒரு கதவு. இப்போது விசேஷம் அதுவல்ல. நான் ஒரு நாயைக் கொண்டுவந்து வளர்க்கிறேன். சிரிக்காதே. குட்டி நாய் குரைத்தாலே உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள்தான் நான்.

போன ஞாயிறு நாய்க் காப்பகத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் கூண்டு, நடுவில் ஈரத் தரை, பினாயில் வாடை. அத்தனை நாயும் ஒரே நேரத்தில் குரைத்தால் காதுக்குள் தகர டப்பாவை உருட்டின மாதிரி இருக்கிறது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா குழாயைப் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது.

"சின்னதா பாக்கறியா, பெருசா?"

"பெருசுங்க."

"வீட்ல யாரு யாரு?"

"நான் மட்டும்தாங்க."

"ஆம்பளைங்க?"

"இல்ல."

"வந்து போறவங்க?"

"யாரும் வரமாட்டாங்க" என்றேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்த அம்மா குழாயை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடைசிக் கூண்டுக்குக் கூட்டிப் போனாள். அதில் ஒரு அட்டை தொங்கியது: "ஆண்கள் இல்லாத வீட்டுக்கு மட்டும்."

உள்ளே தவிட்டு நிறத்தில் ஒரு நாய். கன்றுக்குட்டி உயரம். ஒரு காது பாதி இல்லை. மூக்கைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி ரோமமே முளைக்காத ஒரு தழும்பு. நாய்ச் சண்டை நடத்தும் ஒரு கூட்டத்திடமிருந்து பிடுங்கி வந்தார்களாம். சண்டை போட அல்ல, கடிபட வைத்திருந்தார்கள். "சண்டை நாய்க்கு ரத்தம் பழகணும்ல? அதுக்கு இவன் வாயைக் கம்பியால கட்டிட்டு உள்ள தள்ளுவாங்க. கிழிஞ்சா தைப்பாங்க. மறுபடி தள்ளுவாங்க" என்றாள். மேல்துணியை விலக்கினால் என் முதுகு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அதன் முதுகு.

வீட்டுக்கு வந்ததும் அறையை ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் மோந்து பார்த்துவிட்டு, எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டது. அதனால் மேனேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாயை அடக்கு, கையை அதைவிட அடக்கு.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. பல்வலி மட்டும், அதுவும் பிடுங்கியாயிற்று.

வெல்டிங் கொட்டகையில்தான் இன்னும் வேலை. கட்டில் கால் பற்ற வைக்கிறோம். போன வாரம் பக்கத்து மேசையில் இரண்டு பேருக்குத் தகராறு. எதற்கு? ஒரு சோப்புத் துண்டுக்கு. ஒருவன் மற்றவன் கையைப் பிடித்து அப்போதுதான் பற்ற வைத்த இரும்பின் மேல் அழுத்தினான். தோல் இரும்போடு போய்விட்டது. நான் குறுக்கே போகவில்லை. நீ சொன்னபடி கையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலையும் நடத்தையும் ஒழுங்காக இருந்தால் தண்டனையில் கழிவு உண்டு. இப்படியே போனால் மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எழுத்தர் சொன்னார்.

நாய் விஷயம் படித்தேன். சிரிக்கவில்லை. எதற்குப் பெரியது கேட்டாய்? அதை மட்டும் சொல். அந்த ஆள் வந்தானா? நான் உடைத்த தாடை கூடிவிட்டதாம், கண் ஒன்று போனது போனதுதானாம். இங்கே வந்த ஒருவன் சொன்னான்.

நான் வரும்போது உன் மேனேஜர் என்னை உள்ளே விடுவாரா? நானும் ஆம்பளைதானே.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். பல்லைப் பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளி. நான் சௌக்கியம். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பதறாதே. படியில் வழுக்கி வலது கைவிரல் பிசகிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.

மேனேஜருக்கு நல்ல பசி. ஆனால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். சைக்கிள் கடைக்காரர் அந்தப் பக்கம் ஒரு இருமல் இருமினால் போதும், இது கட்டிலுக்கு அடியில். அத்தனை பெரிய உடம்பு எப்படி அந்தச் சந்துக்குள் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. குரைப்பது இல்லை. காவலுக்கு என்று கொண்டுவந்தேன், இப்போது அதற்கு நான் காவல்.

கதவுக்குப் பூட்டு மாற்றினேன், பழையது துருப்பிடித்திருந்தது. அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன், காற்று அதிகமாக வருகிறது. சலவைக்கூடத்துக்கு வேறு வழியாகப் போகிறேன். கொஞ்சம் சுற்று, ஆனால் நிழல் இருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

சுகமாக இருக்கிறேன். நீ சுகமாக இல்லை.

எந்தப் படி? தரைமட்டத்து வீடு என்று நீதான் எழுதினாய். பூட்டு துரு, ஜன்னல் காற்று, நிழலான வழி. என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா?

உன் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு வரிசையில் ஒருவன் என்னைப் பார்த்து, "உங்க அக்கா வீட்டு வாசல்ல இப்பவும் ஒத்தக்கண்ணன் நிக்கிறானாமே, பழசை மறக்க முடியலையோ?" என்றான். தட்டை அவன் வாயில் விளிம்போடு வைத்து அடித்தேன். நாலு பல் தரையில் விழுந்தது. விழுந்த பிறகும் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். மூன்று பேர் சேர்ந்து பிரித்தார்கள். கொஞ்ச நாள் தனி அறையில் போட்டார்கள். ஒரு மாதக் கழிவு போச்சு. போகட்டும்.

அன்றைக்கு உன் வீட்டுக் கதவைத் திறந்தபோது நீ கிடந்த கிடையை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவன் உன் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். அத்தான் என்று கூப்பிட்ட வாயால் நான் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூலையில் கிடந்த குழாயை எடுத்தேன். தாடை உடையும் சத்தம் பச்சைக் குச்சி முறிகிற மாதிரி இருந்தது. அந்த ஒரு அடியோடு நிறுத்தியிருக்கக் கூடாது, முடித்திருக்க வேண்டும். என் தப்பு அதுதான்.

அவன் வந்தானா, இல்லையா?

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

உடம்பு நலம்தானே? நான் நலம்.

படி சலவைக்கூடத்துப் படி. போதுமா?

நாலு பல்லை உடைத்ததை ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி எழுதியிருக்கிறாய். யார் கேட்டார்கள்? அன்றைக்கும் யார் கேட்டார்கள்? "வேணாம்டா, வேணாம்டா" என்று உன் காலைக் கட்டிக்கொண்டு கத்தினது நான்தானே. நீ காலை உதறினாய். உன் செருப்பு என் நெஞ்சில் பட்டது. உனக்கு அது ஞாபகம் இருக்காது. ஒரு அடி என்று எழுதியிருக்கிறாய். ஒரு அடி இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடித்ததும் என் வீட்டில்தான், நீ அடித்ததும் என் வீட்டில்தான். போலீஸ் உன்னையும் ஆம்புலன்ஸ் அவரையும் கொண்டுபோன பிறகு அந்தத் தரையைக் கழுவினது நான். தரைக்கல் இடுக்கில் இருந்ததை ஊசியால் நோண்டி எடுத்தேன். அவர் சிந்தவைத்த ரத்தம் எது, நீ சிந்தவைத்த ரத்தம் எது என்று வித்தியாசம் தெரியவில்லை.

எனக்கு நீ வேண்டும். வீட்டில், முழுசாக. வேறு எதுவும் நீ செய்ய வேண்டாம்.

மேனேஜர் இப்போது நான் பார்க்கும்போதே பால் குடிக்கிறது.

அக்கா

*

ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. கோபமா, அல்லது உடம்புக்கு ஏதாவதா? என் கடிதம் சூடாகத்தான் இருந்தது. எழுதினதை மாற்றிச் சொல்லமாட்டேன், ஆனால் நீ பேசாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

மேனேஜருக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தேறியது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் அறை முழுக்க ரத்தம். வாயிலிருந்து கயிறு கயிறாக ஒழுகுகிறது. அலமாரி மறைக்காத ஜன்னல் இடுக்கு வழியாக யாரோ இறைச்சித் துண்டு போட்டிருக்கிறார்கள், அதற்குள் பிளேடுத் துண்டுகள். சைக்கிள் கடைக்காரரின் தள்ளுவண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. மருத்துவர் தைக்கும்போது நான்தான் தாடையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டு கையும் அதன் பல்லுக்கு நடுவில் இருந்தன. அவர் ஊசி குத்தும்போதெல்லாம் உடம்பு முழுக்க நடுங்கியது, ஆனால் வாயை மூடவே இல்லை. "கடிக்காதும்மா இது. கடிக்கவே மறந்து போச்சு" என்றார்.

தெருப் பசங்க வேலையாக இருக்கும். பசங்கதானே.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

*

ஜூன் 25

அக்கா,

இது தபாலில் வரவில்லை. அதனால் யாரும் படித்திருக்கமாட்டார்கள். கொண்டுவருகிறவர் நாளைக்கு விடுதலை ஆகிறார். இங்கே எல்லாரும் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவோம். அவர் உள்ளே வந்ததே சொந்தச் சித்தப்பாவை வெட்டினதற்குத்தான், அதனால் வைத்த பெயர்.

நான் எழுதாதது கோபத்தால் இல்லை. உன் நெஞ்சில் என் செருப்பு பட்டது எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

ஆனால் பிளேடு வைத்தது பசங்க இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கு நாய், நாளைக்கு நீ. நான் வரும்வரை அவன் காத்திருக்கமாட்டான். என் கை எட்டாது என்று தெரிந்துதான் ஆடுகிறான்.

சித்தப்பா எனக்கு ஒரு நன்றிக்கடன் பட்டிருக்கிறார். நீ வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். அவர் கேட்கும்போது தலையை அசை, போதும். உன் மேலும் வராது, என் மேலும் வராது. இந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

சாப்பிடு, இளைத்துப் போகாதே.

தம்பி

*

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம், நீயும் நலமாக இரு. படிக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

நீ சொல்லி அனுப்பிய மரம் வெட்டுகிறவர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசலிலேயே குந்தினார். மேனேஜர் வழக்கம்போல் கட்டிலுக்கு அடியில். "இவனா உனக்குக் காவல்?" என்று குனிந்து பார்த்துவிட்டு, தன் ரொட்டியில் பாதியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

"வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிற மரத்தை எடுத்துரலாமா?" என்று கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லும்மா. காலைல எந்திரிச்சுப் பாத்தா மரம் இருந்த இடமே தெரியாது."

உடனே பதில் சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன். டீ ஆறிப்போகும்வரை டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் வெட்டத்தான் ஆசை. வேரோடு. கடைசியில் "டீ குடிச்சிட்டுக் கிளம்புங்கண்ணே, மரம் அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். "நல்லா யோசிச்சியா?" என்றார். "வெட்டினா என் தம்பி கோடாலியா ஆயிடுவான்" என்றேன். அவர் சிரித்தார். எழுந்து போய்விட்டார்.

நீ மழைக்கு முன் வா.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. கொட்டகையில் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன், கவனம் எங்கேயோ போகிறது. என்னைத் திட்டியாவது எழுது. உன்னால் முடியாவிட்டால் சைக்கிள் கடைக்காரரை இரண்டு வரி எழுதச் சொல். அக்கா இருக்கிறாள் என்று மட்டும் எழுதினால் போதும்.

தம்பி

*

செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா இருக்கிறேன். தோள்பட்டையில் கட்டு, வலது காது கேட்கவில்லை, மற்றபடி சுகம். மேனேஜருக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருக்கிறது, அதுவும் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே படி. படிக்கும் ஐயாவும் பதற வேண்டாம், இதில் இருப்பதையெல்லாம் ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன்.

அவன் தை மாதத்திலிருந்தே வந்துகொண்டிருந்தான். நான் வீடு மாறினதும் அதனால்தான், நாய் கொண்டுவந்ததும் அதனால்தான். என் விரல் பிசகினது அவன் முறுக்கினதில்தான். உனக்கு எழுதியிருந்தால் நீ சுவரை இடித்துக்கொண்டு வந்திருப்பாய், இல்லையென்றால் அங்கேயே இன்னும் நாலு பேரை அடித்துத் தண்டனையைக் கூட்டிக்கொண்டிருப்பாய். அதனால் எழுதவில்லை.

ஒரு ஞாயிறு மதியம். வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கதவு ஒரே உதையில் பெயர்ந்து வந்து அலமாரியில் மோதியது. கையில் லாரி டயர் கழற்றும் ஸ்பேனர். தாடை கோணிப்போய் ஒரு கண் வெள்ளையாக நின்றான். எச்சில் ஒழுக ஒழுகப் பேசுகிறான்.

"உன் தம்பி வந்துருவானாமே. அவன் வரப்ப இங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது."

முதல் அடி தோளில். இரண்டாவது காதோடு சேர்த்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? எப்போதும் செய்வதைத்தான். முழங்காலை மடக்கி, தலையைக் கையால் மூடி, மூலையில் சுருண்டேன். எப்படி விழுந்தால் குறைவாக வலிக்கும் என்று என் உடம்புக்கே தெரியும், மூளை சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் அதைப் பார்த்துவிட்டான். "இன்னும் சாகலையா நீ?" என்று பின்னங்காலைப் பிடித்து இழுத்தான். நகத்தால் தரையைப் பிறாண்டிக்கொண்டே வந்தது. விலாவில் ஸ்பேனரால் அடித்தான். கடித்திருக்கலாம், தம்பி. அவன் கை அதன் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. கடிக்கவில்லை. கண்ணை மூடிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தது.

நான் மூலையிலிருந்து அதைப் பார்த்தேன். என்னை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தது. கொதிக்கக் கொதிக்க அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். பொசுங்குகிற வாடை வந்தது. அவன் அலறிக்கொண்டு என் கூந்தலைப் பிடித்தான். முன்கை என் வாய்க்கருகில் வந்தது, கடித்தேன். பல்லும் பல்லும் உள்ளே சந்திக்கும்வரை விடவில்லை. ஸ்பேனர் கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் நீட்டிய கையின் மணிக்கட்டில் பெட்டியை இறக்கினேன். எலும்பு போனது. அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அடிக்க அடிக்க எனக்கு நன்றாக இருந்தது. வேறு என்ன வார்த்தை போடுவது என்று தெரியவில்லை. உனக்கு நான் எழுதின பெரிய பெரிய புத்திமதியெல்லாம் அப்போது எங்கே போயிற்றோ.

ஸ்டேஷனில் அவன் "நாய் கடிச்சுது, நாய்தான் பாஞ்சுது" என்றே எழுதிக் கொடுத்திருக்கிறான். பெண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல வெட்கம். இன்ஸ்பெக்டர் என்னை உட்காரவைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "அவனே நாய்ங்கறான். நீயும் நாய்னு சொல்லிட்டுப் போம்மா. தள்ளிவிட்டதுல பெட்டி மேல விழுந்துட்டான்னு எழுதிக்கலாம். உன் மேல கேஸ் வராது."

"நாயை என்ன பண்ணுவீங்க?"

"கடிச்ச நாயை வச்சிருக்க முடியாதுல்ல. காப்பகத்துல ஊசி போட்டுருவாங்க. வலிக்காது."

"நாய் சுவரைப் பாத்துப் படுத்திருந்துச்சுங்க" என்றேன். "கடிச்சது நான்."

அவர் நம்பவில்லை. போலீஸ் மருத்துவர் அவன் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது மனுஷப் பல்லுதான் சார். இந்த அளவுக்கு யாரும் கடிச்சு நான் பாத்ததில்ல" என்றார். கான்ஸ்டபிள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகவே இப்போது என் பேரிலும் கேஸ் இருக்கிறது. ஜாமீனுக்குக் காப்பகத்து அம்மாதான் ரப்பர் பூட்ஸோடு வந்து கையெழுத்துப் போட்டாள். தற்காப்பு என்று நிரூபிக்கலாம் என்கிறார் வக்கீல். பார்க்கலாம். இத்தனை நாள் எழுதாததற்கு ஆஸ்பத்திரியும் கோர்ட்டும்தான் காரணம்.

கடைசியாக ஒன்று. கதவை உடைத்து வந்து அடித்ததற்கு அவனை ரிமாண்ட் செய்துவிட்டார்கள். கை கூடியதும் நீ இருக்கும் சிறைக்குத்தான் கொண்டுவருவார்களாம். இதை வேறு யார் வாயாலோ நீ கேட்கக் கூடாது என்று எழுதுகிறேன். அப்படிச் செய், இப்படிச் செய்யாதே என்று சொல்ல எனக்கு இனிமேல் வாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

அக்டோபர் 1

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உன் தோள் எப்படி இருக்கிறது? மேனேஜருக்கு விலா கூடிவிட்டதா? நான் நலம். உண்மையாகவே நலம்.

அவன் வந்துவிட்டான். போன திங்கள் காலையில் முற்றத்தில் வரிசை நிற்கும்போது கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கையில் மாவுக்கட்டு. கன்னத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்குச் சங்கதி முன்பே தெரியும். அவனைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகி இடம் விட்டார்கள். என் பின்னால் நின்றவன் என் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடினான். ஸ்பூன் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்கியது. "ஒரு நிமிஷம் யாரும் பாக்கமாட்டாங்க. போ" என்றான்.

போனேன். அவன் என்னைப் பார்த்தான். மாவுக்கட்டுக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"மாப்ள, விட்ரு மாப்ள. உங்க அக்காவே எல்லாத்தையும் முடிச்சிட்டா. இனிமே என்னடா இருக்கு என்கிட்ட?"

அவன் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. எங்கே குத்த வேண்டும் என்று என் கை இடம் பார்த்துவிட்டது. உன்னை நினைத்துத்தான் நிறுத்தினேன் என்று எழுதினால் உனக்கு இனிக்கும், ஆனால் நான் எதையும் நினைக்கவில்லை. காது அடைத்துப்போய் நின்றேன். என்னைத் தாண்டி யாரோ ஒருவன் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான், வாளி என் மேல் இடித்தது. அந்த இடியில் ஒரு அடி பின்னால் வைத்தேன். வைத்த காலை மறுபடி முன்னால் வைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அன்று சாயங்காலம் கொட்டகையிலிருந்து வரும்போது அவன் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நாளைக்கும் திரும்பும். வாளி தினமும் குறுக்கே வராது.

அதனால் நேராகச் சிறைக் காவல் அதிகாரியின் அறைக்குப் போனேன். ஸ்பூன் காம்பை மேசையில் வைத்தேன். "என்னைத் தனி அறைல போடுங்கய்யா" என்றேன்.

"ஏன்டா, என்ன பண்ணின?"

"இன்னும் ஒண்ணும் பண்ணலைங்கய்யா."

"தனி அறைங்கறது தண்டனைடா. அதைப் போய் யாராவது கேட்டு வாங்குவானா?"

"நான் கேக்கறேன்யா. அவனை வேற ஜெயிலுக்கு மாத்தற வரைக்கும்."

"அங்க வேலை கிடையாது. வேலை இல்லன்னா கழிவும் கிடையாது. தெரியும்ல? கூட ஒரு வருஷம் ஆகலாம்."

"தெரியும்யா."

அவர் காம்பை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மழைக்கு முன் வருவேன் என்று சொன்னது நடக்காது, அக்கா. உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும்தான். தனி அறைக்குள் வந்த முதல் நாள் கதவை நானே இழுத்து மூடினேன், வெளியிலிருந்து அவர் பூட்டினார். ஒரு கட்டில், ஒரு பானை, உயரத்தில் ஒரு ஜன்னல். கட்டில் கால் நான் பற்ற வைத்ததுதான், ஆட்டிப் பார்த்தேன், உறுதியாக இருக்கிறது. இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷத்தில் அப்படித் தூங்கினதில்லை.

உன் கேஸ் என்ன ஆகிறது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுது. இனி எழுதும்போது விலாசத்தில் என் எண்ணோடு 'தனி அறை' என்று சேர்த்து எழுது. இல்லாவிட்டால் பழைய கொட்டடிக்குப் போய்ச் சுற்றிவிட்டு வர நாளாகும்.

தம்பி